ஒன்பது பங்குதாரர்கள்

விடியலுக்கு முன்பே சேற்றில் இறங்கிவிட்டோம். இரவு மழையில் நெல்வயல் வரப்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. மண்ணை வெட்டி அடைக்க அடைக்கத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போனது. பூட்ஸுக்குள் சேறு, காதுக்குள் கொசு. மண்வெட்டி முனையால் ஒரு பாம்பைத் தூக்கி அப்பால் எறிந்துவிட்டு மறுபடி குனிந்தார் ஹோசியா அண்ணன். ஆர்கன்சா மாநிலத்தின் இந்தக் களிமண்ணில் நாற்பது வருஷமாகக் குனிந்த முதுகு.

போன வாரம்தான் கூலியில் மணிக்கு ஒரு டாலர் குறைத்திருந்தார் முதலாளி கிரென்ஷா. நெல் விலை விழுந்துவிட்டதாம்.

ஒன்பது மணிக்கு வெர்னா வந்தாள். டிராக்டர் ஓட்டுகிறவள், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். உணவு உதவி அலுவலகத்துக்குப் போயிருந்தாள்.

"உணவு அட்டையை நிறுத்திட்டாங்க."

"ஏன்?"

"நான் இந்தப் பண்ணைக்குப் பங்குதாரியாம். போன வருஷம் விவசாய மானியம் என் பேருக்கு முப்பத்தெட்டாயிரம் டாலர் வந்திருக்காம். 'பணக்காரிக்கு எதுக்கம்மா இலவசச் சோறு'ன்னு அங்க இருந்தவ சிரிக்கிறா."

போன வருஷம், காப்பீட்டுப் பத்திரம் என்று சொல்லி எங்கள் ஒன்பது பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார் கிரென்ஷா. ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் மானியம் என்பது சட்டம். அதனால் எங்களையும் பங்குதாரர்களாக்கி, எங்கள் பங்கையும் அவரே விழுங்கியிருக்கிறார். என் பெயரை யாரோ மென்று துப்பியது போலிருந்தது.

கிரென்ஷாவின் வண்டி வந்து நின்றது. வாயில் ரொட்டி, தாடையில் குழம்பு வழிந்தது.

"வேலை நேரத்துல என்ன மாநாடு?"

"பங்குதாரர் கூட்டம், ஐயா" என்றார் ஹோசியா அண்ணன்.

மெல்லுவது நின்றது. பிறகு சிரிப்பு. "ஓ, அதுவா! வெறும் காகிதம்பா. பண்ணை பிழைச்சாத்தானே உங்களுக்குக் கூலி? கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு பன்றித் தொடை கொடுத்தேனே!"

"கொடுத்தீங்க. புழு வச்சிருந்துச்சு" என்றாள் வெர்னா.

அவர் முகம் மாறியது. "வெளிய சொன்னா யாரு உள்ள போவாங்க? கையெழுத்து உங்களோடது! இதோ இந்த வருஷப் பத்திரம். போடாதவன் நான் குடியிருக்கக் கொடுத்த வீட்டை இன்னைக்கே காலி பண்ணலாம்."

எண்ணெய்க் கையால் பேனாவை நீட்டினார். ஹோசியா அண்ணன் வாங்கினார். நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட மறுத்துப் பேசாத மனிதர்; போட்டுவிடுவார் என்றே நினைத்தேன். அவர் பத்திரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"'பண்ணை முடிவுகளை எடுக்கும் பங்குதாரர்.' என்கிட்ட என்னைக்காவது ஒரு முடிவு கேட்டிருக்கீங்களா, ஐயா? இதோ, என் முதல் முடிவு."

பேனாவை வண்டியின் மேல் வைத்துவிட்டு நடந்தார். பின்னால் வெர்னா. பிறகு நான். திரும்பிப் பார்த்தபோது மற்ற ஆறு பேரும் கரையேறிக்கொண்டிருந்தார்கள்.

மானிய அலுவலகத்தின் பளபளத்த தரையில் எங்கள் சேற்றுத் தடங்கள் வரிசையாக விழுந்தன. சட்டம் எங்களையும் பிடிக்குமோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகளோடு எங்கே படுப்பது என்பதும் தெரியவில்லை.

அதிகாரி மூக்கைச் சுளித்தார். "ஒவ்வொருத்தரா உள்ள வாங்க."

"இல்லைங்க" என்றாள் வெர்னா. "தனித்தனியாப் பிரிச்சு வச்சுத்தான் எங்களை ஏமாத்தினான். ஒண்ணாத்தான் பேசுவோம். இன்னும் எட்டு நாற்காலி போடுங்க."