விழுந்த மூட்டை

1

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த கைமுதல் அவ்வளவுதான். ஸ்வீடனில் நான் வேலை பார்க்கும் ஆலையில் அடுத்த அறை சோதனைக்கூடம். என்ன விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீதியெல்லாம் இட்டுக்கட்டியது.

2

'யில்வா துணிச்சலான பெண். அன்று காலை அவள்...'

(அடித்துவிட்டேன். துணிச்சல் இருந்தால் இந்தக் கதையே வேண்டியதில்லை.)

படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும் புது இயந்திரக் கை ஒன்று அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. யில்வாதான் அதற்குப் பொறுப்பாளர். சோதனையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டபோது அதன் பூட்டு ஒரே ஒருமுறை விட்டு, மூட்டை விழுந்துவிட்டது. அதன்பின் எத்தனை தடவை தூக்கியும் விடவில்லை. பார்த்தவர்கள் அவளும் அந்தக் கையை வடிவமைத்த ரூனேயும் மட்டும். இன்று கடைசி வாசல்.* இதைத் தாண்டினால் மொத்தமாகத் தயாரிக்க அச்சு வார்க்கக் கொடுத்துவிடுவார்கள்.

* வாசல் என்பது ஒரு கூட்டம். காபி, இலவங்கப்பட்டை பன், மேசையைச் சுற்றிச் சிலர். ஓட்டெல்லாம் கிடையாது. யாரும் மறுக்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள்.

3

கூட்டத்துக்குப் போகும் வழியில் ரூனே மறித்தார்.

"சொல்லப் போறியா?"

"தெரியல ரூனே."

"மூட்டையைச் சரியா மாட்டலையோ என்னவோ."

"நீங்கதானே மாட்டினீங்க?"

"அதான் சொல்றேன்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "இந்த வேலை நின்னுபோனா நம்ம பிரிவையே மூடிடுவாங்க. உனக்கு வேற இடம் கிடைக்கும். இந்த வயசுல என்னை யாரு எடுப்பா?"

(ரூனேயைக் கெட்டவராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் பயம் நியாயமானது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.)

4

பன் தட்டு சுற்றி வந்தது. மேலாளர் ஹோக்கன் கேட்டார்: "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?"

முதல் முடிவு: யில்வா சொல்லிவிடுகிறாள். எல்லோரும் தட்டையே பார்க்கிறார்கள். ரூனே மட்டும் எழுந்து...

இரண்டாம் முடிவு: அவள் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், ஏதோ ஒரு வீட்டில், அந்தக் கையில் தொங்கியபடி ஒரு கிழவர் மகளைக் கேலி செய்கிறார். "மெதுவாத் தூக்கும்மா, நான் என்ன மூட்டையா?" அப்போது

(இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.)

5

ஆகவே யில்வாவை அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். வாய் பாதி திறந்திருக்கிறது. பன்னின் சர்க்கரை விரலில் ஒட்டியிருக்கிறது. மேசையருகே ஒரு நாற்காலி காலி. அதில் உங்களை உட்காரவைத்துவிட்டேன், மன்னிக்கவும். மூட்டை விழுந்தது இப்போது உங்களுக்கும் தெரியும். ஹோக்கனின் பார்வை ஒவ்வொருவராகத் தாண்டி உங்களிடம் வந்து நிற்கிறது. நீங்கள் பேசாமல் இருந்தால் அவர் என்ன எழுதிக்கொள்வார் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.