காம்பு உதிர்ந்த மரம்

“அண்ணே, இந்தத் தொட்டியையும் ஏத்தணுமா?”

அமரர் ஊர்தியின் பின்கதவைப் பிடித்தபடி டிரைவர் கேட்டபோதுதான் கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார். அவருடைய மச்சான் முத்துக்கருப்பன் மாடிப்படியில் நிதானமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். நெஞ்சோடு சேர்த்து அணைத்திருந்த கைகளில், தங்கை பாண்டிமீனாவின் போன்சாய் மரம். ஒரு முழ உயரம். ஓர் இலை இல்லை.

“ஏத்துப்பா. தங்கச்சி வளத்தது. அவ போகையிலேயே அதுவும் போயிருச்சு. பட்டுப்போன மரத்த வீட்ல வச்சு என்ன செய்ய? அவளுக்குத் துணைக்குப் போகட்டும்” என்றார் முத்துக்கருப்பன்.

வாசலில் நின்ற பெண்கள் புதிதாக ஓர் அழுகையைத் தொடங்கினார்கள். வண்டிக்குள் மனைவியின் காலடியில் அந்தத் தொட்டி வைக்கப்படுவதைப் கண்ணுச்சாமி பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மரம் எப்படிச் செத்தது என்று அவருக்குத் தெரியும். அவர்தான் கொன்றார்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவின் வேலியைப் பிடுங்கி ரோட்டோரம் போட்டிருந்தார்கள். பிரிவெட் என்று தோட்டக்காரர் பெயர் சொன்னார். அதில் ஒரு கட்டையைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தாள் பாண்டிமீனா. தையல் வேலை செய்பவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் யாரிடமோ கேட்டு, எதையெதையோ படித்து, அலுமினியக் கம்பி சுற்றிக் கிளைகளை வளைத்தாள். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் மரத்தைத் தொட்டியிலிருந்து தூக்கி, வேரைக் கத்தரித்து, புது மண்ணில் வைத்தாள். மதுரை வெயிலில் அது ஒரு மாதம் தாங்காது என்றார் கண்ணுச்சாமி. கே.கே. நகர் மொட்டை மாடியில் பச்சை வலைக்கடியில் அது தடித்து, பட்டை வெடித்து, ஊருணிக்கரைப் புளியமரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரி ஆனது. பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் முத்துக்கருப்பன் வரும்போதெல்லாம், “இம்புட்டு வருஷம் வளத்து ஒரு கட்டு கீரைக்குக் காணாதே” என்று தங்கையைச் சீண்டுவார்.

மூன்று வாரத்துக்கு முன்பு, பாண்டிமீனாவின் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வந்த மறுநாள், மரத்தை ஜன்னலோரம் கொண்டுவரச் சொன்னாள்.

“ஆனி பொறந்திருச்சு. இலையெடுக்கணும்” என்றாள்.

இலையை எல்லாம் எடுத்துவிட்டால், அடுத்து வருவது சின்னதாக, மரத்துக்கேற்ற அளவில் வருமாம். அவளால் கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. மூன்று நாள் காலையில் கண்ணுச்சாமி உட்கார்ந்து ஒவ்வோர் இலையாக வெட்டினார். பஸ் டெப்போவில் ஸ்பேனர் பிடித்த கை. நான்கைந்து இடத்தில் கிளை நுனியையும் சேர்த்து வெட்டிவிட்டார். அவள் கண்ணை மூடிக் கிடந்ததால் சொல்லவில்லை. நாலாம் நாள் அவளுக்கு நினைவு தப்பியது. அதன் பிறகு மரத்தை மாடியில் வைத்துவிட்டு, காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவதோடு சரி. இரண்டு வாரமாகியும் ஒரு துளிர் இல்லை. கிளை முழுக்க வெட்டுப்பட்ட காம்புகள் பழுத்து, காய்ந்து நின்றன. கடைசி இரண்டு நாள் அவர் அதை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு அவள் மூச்சு நின்றது.

சுடுகாட்டில் வரட்டி அடுக்கின் மேல் பாண்டிமீனாவைக் கிடத்தினார்கள். மகன் சூர்யபிரகாஷ் குடத்தோடு சுற்றி வந்து உடைத்தான். முத்துக்கருப்பன் மரத்தைத் தூக்கி அவள் காலடியில் வைத்தார். வைத்த அதிர்வில் பொலபொலவென்று காம்புகள் உதிர்ந்து அவள் சேலையில் விழுந்தன.

“பாத்தீங்களா மாப்ள, காம்பும் கொட்டுது. சுத்தமா முடிஞ்சிருச்சு” என்றார்.

கண்ணுச்சாமி உதிர்ந்த காம்புகளையே பார்த்தார். இலை வெட்டிய முதல் நாள் பாண்டிமீனா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னது, அப்போது பாதி கேட்டுப் பாதி விட்டது, இப்போது முழுதாகக் காதில் விழுந்தது.

“காம்போட வெட்டாதீங்க. காம்ப விட்ருங்க. செத்த கிளையில காம்பு ஒட்டிக்கிட்டே காயும். உசுரு இருக்குற கிளைதான் காம்பத் தள்ளிவிடும். அது தள்ளுற வரைக்கும் ஒண்ணும் செய்யாம சும்மா இருங்க.”

அவர் குனிந்தார். கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். மச்சானின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, முகம் கிளையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனார்.

காம்பு விழுந்த ஒவ்வொரு தழும்புக்கும் மேலே குண்டூசித் தலையளவு பச்சை. ஒன்று அல்ல, பத்து அல்ல. கிளைக்குக் கிளை, நுனி வரைக்கும், அவர் தவறாக வெட்டிய இடத்துக்குக் கீழேகூட இரண்டிரண்டாக. தடித்த அடிமரத்தின் வெடிப்புக்குள் இருந்தும் ஒன்று எட்டிப் பார்த்தது. வீட்டில் ஒப்பாரியும் கொட்டும் முழங்கிய நேரமெல்லாம், வண்டி மேடு பள்ளத்தில் குலுங்கிய நேரமெல்லாம், இது இந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு கைகளாலும் தொட்டியைத் தூக்கினார்.

“மாப்ள, என்ன செய்றீங்க? இங்க வந்தது திரும்ப வீட்டுக்குப் போகக் கூடாது.”

“நாம போகலையா மச்சான்? குளிச்சிட்டுத்தானே போறோம்.”

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். கண்ணுச்சாமி முத்துக்கருப்பனின் வலக்கை விரலைப் பிடித்து, ஒரு கிளையின் மேல் மெல்ல வைத்தார். நாற்பது வருடம் காய்களைத் தொட்டே முற்றலும் பிஞ்சும் சொல்லிவந்த விரல் அது. கிளையோடு கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. அடுத்த கிளைக்குப் போனது.

முத்துக்கருப்பன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு, சிதை அடுக்கியவரிடம், “நீ வேலையப் பாருப்பா” என்றார்.

சூர்யபிரகாஷ் கொள்ளி வைத்தான்.

குழாயடியில் எல்லோரும் வரிசையாகக் குளித்தார்கள். தன் முறை வந்தபோது கண்ணுச்சாமி முதலில் மரத்தைக் குழாய்க்கடியில் வைத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பட்டை நனைந்து கறுத்தது. கிளைகளில் ஒட்டியிருந்த மிச்சக் காம்புகளும் தண்ணீரோடு ஓடின. அதன் பிறகு அவர் தலையை நீட்டினார்.

திரும்பும் வேனில் மரத்தைப் பக்கத்து சீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நாலு மணி வெயில் ஜன்னல் வழியாக நேராக அதன் மேல் அடித்தது. முத்துக்கருப்பன் தோளிலிருந்த ஈரத் துண்டை எடுத்து, இரண்டு கையாலும் ஜன்னலில் விரித்துப் பிடித்தார்.

ஆற்றுப்பாலம் தாண்டி வண்டி திரும்பியதும் வெயில் அடுத்த பக்கம் போனது. முத்துக்கருப்பன் எழுந்து, கம்பியைப் பிடித்துத் தடுமாறி, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, துண்டை மறுபடி விரித்தார்.