காரணம் தெரியாத ஐந்து பழுதுகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கண்ணாடிக்கடை அம்மா கடை வாசலில் நின்று இடமும் வலமும் பார்த்தார். எதிரே கார் நிறுத்தும் இடத்தில் ஈ காக்கை இல்லை. இரண்டு சார்ஜிங் மெஷின்களும் தலையில் பச்சை விளக்கோடு சமர்த்தாக நின்றன. அம்மா நிதானமாக நடந்துபோய், முதல் மெஷினின் விலாவில் இருந்த பெரிய சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். உள்ளே டக்கென்று ஏதோ விழுந்த சத்தம். இரண்டு பச்சை விளக்குகளும் அணைந்தன.

அழுத்திய பொத்தான் உள்ளேயே பதுங்கிவிட்டது. அம்மா அதைத் திருகி, பழையபடி வெளியே வரவைத்தார். எதையும் இருந்த இடத்தில் இருந்தபடி வைக்காவிட்டால் அவருக்குக் கை நமநமக்கும்.

கடைக்குத் திரும்பியதும் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். எண் அவருக்கு மனப்பாடம்.

"ஆமாம்ப்பா, ரெண்டுமே செத்துப்போச்சு. வண்டிக்காரங்க வந்து வந்து திரும்புறாங்க, பார்க்கவே பாவமா இருக்கு. கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு வருமே, அதையே அனுப்புங்க. அதுதான் பொறுமையா பார்க்குது."

உள்ளறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்தான். "மறுபடியுமா?"

"மெஷின்னா கெடத்தானே செய்யும்? நீ முதல்ல அந்தச் சட்டையை மாத்து. கசங்கிக் கிடக்கு."

விஷயம் இரண்டு மாதத்துக்கு முன்னால் தொடங்கியது. ஒரு டாக்ஸிக்காரர், சார்ஜ் போதும் என்றால் சிவப்புப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும் என்று நினைத்து அழுத்திவிட்டார். அது ஆபத்து நேரத்தில் இரண்டு மெஷினையும் சேர்த்து நிறுத்துவதற்கான பொத்தான். ஒருமுறை அழுத்தினால், கம்பெனி ஆள் வந்து பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் மெஷினுக்கு மறுபடி உயிர் வரும். அன்று வந்தவள்தான் இந்த டெக்னீஷியன் பெண். குனிந்து வேலை செய்தபோது அவளுடைய மூக்குக்கண்ணாடி வழுக்கி வழுக்கி விழ, கடைக்குள் வந்தாள். மகன் அதைச் சரிசெய்தபடி, காருக்கு எப்படி இவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஏறுகிறது என்று கேட்டான்.

"முதல்ல காரும் மெஷினும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கணும்" என்றாள் அவள். "பேச்சு ஒத்துப்போனாத்தான் கரண்ட்டே போகும்."

முப்பத்திரண்டு வயதாகிறது மகனுக்கு. 'இதுல தெளிவா தெரியுதா, அதுலயா?' என்பதைத் தவிர எந்தப் பெண்ணிடமும் அவன் முழுசாக ஒரு வாக்கியம் பேசி அம்மா கேட்டதில்லை. அன்று கால் மணி நேரம் பேசினான். சிரித்தான். அவள் போன பிறகு, வேறொருவரின் கண்ணாடியில் இடது கண் லென்ஸை வலது கண்ணுக்கு மாட்டினான்.

அம்மா காத்திருந்தார். ஆனால் அந்தப் பாழாய்ப்போன மெஷின் அதன்பின் ஒரு நாளும் கெடவில்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் அம்மா தாமே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் டெக்னீஷியனின் வேன் வந்தது. அதற்கு முன்பே அதே டாக்ஸிக்காரர் வந்து சேர்ந்து, செத்த மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "எட்டு பர்சென்ட்தான் இருக்கு மேடம். இதை விட்டா தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

வழக்கமாகச் சிரித்துக்கொண்டே இறங்குகிறவள் இன்று சிரிக்கவில்லை. கடை வாசலுக்கு வந்து, "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். விரல் முட்டியில் சிராய்ப்பு.

"என்னம்மா கண்ணு, உடம்பு சரியில்லையா?"

"இந்த மெஷின்தாம்மா என்னைக் கொல்லுது. இந்த மாசத்துல இது அஞ்சாவது தடவை. பொத்தானை யாரோ அமுக்கினதா பதிவாகுது. வந்து பார்த்தா பொத்தான் வெளியதான் இருக்கு. அப்போ ஒயர்ல கோளாறுன்னுதானே அர்த்தம்? பொத்தானையே மாத்திட்டேன். ஒயரை மாத்திட்டேன். நாலு தடவையும் 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதிக் கொடுத்துட்டேன். இன்னைக்கும் அப்படியே எழுதினா, ரோட்டு வேலை வேண்டாம், கிடங்குல உட்கார்ந்து கேபிள் எண்ணுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் இந்தப் பக்கம் வேற ஆள்தான் வருவாரு."

அம்மாவுக்குப் பகீரென்றது. மருமகள் கைநழுவிப் போகிறாள், அதுவும் தம் கையாலேயே. அடுத்த நொடி இன்னொன்று உறைத்தது.

"அஞ்சு தடவையா? மூணுதானே?"

"அஞ்சும்மா. மூணு செவ்வாய்க்கிழமை, ரெண்டு வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமைகளில் அம்மா லென்ஸ் வாங்க மொத்தக் கடைக்குப் போய்விடுவார். கடையில் மகன் மட்டும்தான் இருப்பான். அழுத்துகிறவன் பொத்தானை மறுபடி திருகி வைக்கிறானென்றால், அது இந்த வீட்டு வளர்ப்பாகத்தான் இருக்க முடியும். அம்மா மெல்லத் திரும்பினார். மகன், ஏற்கெனவே பளபளத்த ஒரு லென்ஸைத் துடைதுடையென்று துடைத்துக்கொண்டிருந்தான். காது மடல் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன.

அடப்பாவி! கோபம் வந்திருக்க வேண்டும். அம்மாவுக்கோ பெருமை பொங்கியது.

"இன்னைக்கு மொத்தமா பிரிக்கப்போறேன்" என்றாள் டெக்னீஷியன். "ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாளா! நான் என் வண்டியை எங்க கொண்டுபோய் நிறுத்துறது?" என்று அலறினார் டாக்ஸிக்காரர்.

அவள் பெட்டியைத் திறந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, சிராய்த்த விரலால் முதல் திருகைக் கழற்றினாள். இரண்டாவது திருகில் கை வைத்தபோது அம்மாவால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாசல்படி இறங்கி ஓடினார்.

"பிரிக்காதம்மா! நான்தான் அமுக்கினேன்!"

"இல்ல, நான்தான்" என்று பின்னாலிருந்து மகனின் குரல்.

"நீ சும்மா இரு. செவ்வாய்க்கிழமை நான்."

"வெள்ளிக்கிழமை நான்."

டாக்ஸிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "குடும்பத் தொழிலா?"

டெக்னீஷியன் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "பதினெட்டு கிலோமீட்டர் வர்றேன் ஒவ்வொரு தடவையும். ராத்திரி படுத்தா இந்த ஒயர்தான் கண்ணுல நிக்குது. எனக்கு வேலையே தெரியலையோன்னு நெனச்சேன். அழுதுகூட இருக்கேன். எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

அம்மா வாய் திறந்தார்.

"நீங்க இல்ல. அவர் சொல்லட்டும்."

மகன் கையில் இன்னும் அந்த லென்ஸ். "போன் நம்பர் கேட்டா நீங்க தரமாட்டேன்னு சொல்லலாம். மெஷின் கெட்டா வந்துதானே ஆகணும்..." குரல் இறங்கியது. "உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் வரும்னு யோசிக்கலை. தப்புதான். உங்க ஆபீஸ்ல நானே வந்து சொல்றேன். ஃபைன் போட்டா கட்டிடறேன்."

"அவன் இவ்வளவு பேசி நானே இப்பதான் கேக்கறேன்" என்றார் அம்மா.

"அம்மா!"

அவளுடைய போன் அடித்தது. மேலதிகாரி.

"காரணம் தெரிஞ்சிடுச்சு சார்" என்றாள் அவள், மகனின் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல். "ஒயர்ல ஒண்ணும் இல்ல. பக்கத்துக் கடையில ரெண்டு பேர் அமுக்கிட்டு, மறுபடி திருகி வச்சிருக்காங்க... ஆமாம் சார், ரெண்டு பேரும். ஒருத்தருக்கொருத்தர் தெரியாம... எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்துடறேன். பொத்தானுக்கு மூடியும் போட்டுடறேன்... இல்ல சார், இந்தப் பக்கத்துக்கு வேற ஆள் வேண்டாம். நானே பார்த்துக்கறேன்."

வேனிலிருந்து கெட்டியான கண்ணாடி மூடி ஒன்றை எடுத்துவந்து, பொத்தானின் மேல் பொருத்தினாள். இனி மூடியைத் தூக்கினாலே ஊரைக் கூட்டும் அலாரம். சரிபார்த்து மெஷினுக்கு உயிர் கொடுத்ததும் பச்சை விளக்குகள் எரிந்தன. டாக்ஸிக்காரர் கேபிளைச் செருகிவிட்டுக் கும்பிடு போட்டார். அம்மா மட்டும் அந்த மூடியையே பார்த்தார். இந்த மெஷின் இனி எங்கே கெடப்போகிறது?

அவள் நோட்டீஸை எழுதி மகனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிப் படித்தான். மறுபடி படித்தான். கீழ் ஓரத்தில் பத்து இலக்கத்தில் ஓர் எண் இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு" என்றாள் அவள், கருவிப்பெட்டியை மூடியபடி. "கோபம் இன்னும் போகலை. வந்து சமாதானப்படுத்தணும்."

அவன் தலையாட்டினான்.

"எத்தனை மணிக்கு வரணும் கண்ணு?" என்று கேட்டார் அம்மா.

"உங்களை யாரும் கூப்பிடலைம்மா" என்றார் டாக்ஸிக்காரர்.