நல்ல நாளில் வெட்டிய கொடி

திராட்சை வியாபாரி சசிதரனின் லாரி காலிப் பெட்டிகளோடு திரும்பிவிட்டது என்ற செய்தி, அவர் வருவதற்கு முன்பே உத்தமபாளையம் பிரவுசிங் சென்டருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அங்கே வேலை பார்க்கும் ஷாஜியா கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். லாரி போன தோட்டம் ஒச்சாண்டியுடையது. தேதி சொன்னது அவள் எழுதிய வலைப்பக்கம்.

அந்தப் பக்கத்தில் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் எது எப்போது பழுக்கும் என்று இருக்கும். கேரளத்து வியாபாரிகள் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஒச்சாண்டி முதல் ஆளாய் நம்பி வந்ததால்தான் விவசாயச் சங்கமே சம்மதித்தது. இரண்டாயிரத்து ஐந்தில் அதைத் தவறாமல் பார்த்த ஒரே வியாபாரி சசிதரன்.

அவர் வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மோளே, உன்ட கம்ப்யூட்டர் பறைஞ்ச தேதிக்குத்தான் மலை இறங்கி வந்தது. வாசல்ல ஒரு பழம் பறிச்சு வாயில வச்சேன். என்ன புளி! இனி நான் போன்ல கேட்டுக்கலாம். சங்கத்துலயும் சொல்லிட்டுப் போறேன்."

கம்பத்தில் லாரி டயர் மாற்ற வேண்டும், சாயங்காலம் வரை அங்கே இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவரும் விட்டுவிட்டால் அந்தப் பக்கத்தைச் சங்கம் எதற்காக வைத்திருக்கும்?

"மெஷினா பொய் சொல்லும்? நீதான் எங்கனயோ கோளாறு பண்ணியிருக்க," என்றார் சென்டரின் சொந்தக்காரரான வாஹித் மாமு.

கோளாறைத்தான் அவளும் தேடினாள். டேக் எனப்படும் அடைப்புக்குறிகளால் ஆன அந்தக் கம்ப்யூட்டர் மொழியைப் பழைய கையேடு ஒன்றை வைத்துத் தானாகவே படித்தவள் அவள். அதில் ஒரு பெயரை வெறுமனே எழுதினால் திரையில் அந்தப் பெயரே வந்து நிற்கும். இரண்டு பக்கமும் ஹாஷ் குறி போட்டால்தான் பெயர் விலகி, அதற்குள் வைத்திருப்பது வெளியே வரும். குறிகளுக்கு நடுவே கூட்டலும் செய்யலாம். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: #கவாத்து + 115#. கொடியின் கிளைகளை வெட்டிவிடும் கவாத்து நாளோடு நூற்றுப் பதினைந்து நாள் சேர்த்தால் அறுவடை.

ஹாஷ் இரண்டும் இருந்தன. அடைப்புகள் மூடியிருந்தன. வேறு தேதிகளைப் போட்டு, சுவரில் தொங்கிய காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் சரி. சரியாக இருந்ததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. தப்பு கிடைத்தால் திருத்தலாம், கிடைக்காததை என்ன செய்ய? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒச்சாண்டியின் தோட்டம் இருக்கும் சுருளிப்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

ஒச்சாண்டி பந்தலுக்குக் கீழே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாத்தா. ஊரே சிரிக்குது, பாத்துட்டுப் போ."

"காய் பழுக்கலைன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன்."

"நேத்து வரைக்கும் இந்த மனுசனுக்கு எல்லாம் தெரியும்," என்றாள் அவர் மனைவி பஞ்சம்மாள். "நீ வாத்தா, தண்ணி குடி. மூஞ்சி வாடிப்போச்சு."

பஞ்சம்மாள் அவளை ஈசானி மூலைப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே ஒரே ஒரு கொடியில் மட்டும் குலைகள் கருகருவென்று பழுத்துத் தொங்கின. தண்டில் காய்ந்துபோன மஞ்சளும் குங்குமமும் இருந்தன. பஞ்சம்மாள் கிள்ளிக் கொடுத்த பழம் தேனாக இனித்தது. பக்கத்துக் கொடியில் ஒன்றைப் பறித்துத் தின்றாள், பல் கூசியது.

"அக்கா, இது மட்டும் எப்படிப் பழுத்துச்சு?"

"இதத்தான நல்ல நாள்ல வெட்டுனோம்! நாள் பாத்து மொதக் கொடிய வெட்டிச் சாமி கும்பிட்டா கவாத்து ஆச்சுன்னு அர்த்தம். மத்ததுக்கு ஆளு கெடைக்க வேணாமா? எல்லாரும் கூடலூர்ப் பக்கம் வேலைக்குப் போயிட்டாக. மூணு வாரம் கழிச்சுத்தான் வந்தாக. இந்தக் கொடிப் பழம் சாமிக்கு, வியாபாரிக்குக் காட்ட மாட்டோம்."

ஷாஜியா அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை, இந்த ஒரு கொடிக்கு. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

விஷயம் புரிந்ததும் ஒச்சாண்டியின் முகம் சின்னதாகிப்போனது. "அப்ப நாந்தேன் தப்பான தேதி குடுத்துட்டேனா, தாயி?"

"இல்லண்ணே. கவாத்து எப்பன்னு கேட்டேன், நீங்க சரியாத்தான் சொன்னீக. கடைசிக் கொடிய எப்ப வெட்டுனீகன்னு நான் கேட்டிருக்கணும். மத்த தோட்டத்துலயும் இப்படித்தானா?"

"பின்ன? நல்ல நாள் பாக்காம எவன் கத்தரியத் தொடுவான்?"

பஞ்சம்மாள் சாமிக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, ஒரு குலையை வாழை இலையில் சுற்றிக் கொடுத்தாள்.

கம்பத்தில் டயர் மாட்டி முடித்திருந்தார்கள். சசிதரன் வேண்டாவெறுப்பாக ஒரு பழத்தை வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. விதைகளைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "இது எவ்விடத்து?"

"ஒச்சாண்டி அண்ணன் தோட்டம். நீங்க வந்த தேதிக்குப் பழுத்த ஒரே கொடி."

நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாக்கி கொடி?"

"இன்னும் மூணு வாரம்."

"அப்பவும் புளிச்சா?"

"அந்த வலைப்பக்கத்த நானே எடுத்துர்றேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி. சங்கத்துல அதுவரைக்கும் ஒண்ணும் பறைய மாட்டேன். லாரி வரும்."

மறுநாள் அவள் எல்லாத் தோட்டக்காரர்களிடமும் கேட்டு, ஹாஷ் குறிகளுக்கு நடுவே இருந்த பெயரை எடுத்துவிட்டு, 'கடைசிக்கொடி' என்று போட்டாள். கூட்டலைத் தொடவே இல்லை. நல்ல நாளையும் அழிக்க மனம் வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு வரி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து மலை இறங்கிய லாரி நேரே சுருளிப்பட்டிக்குப் போனது. சென்டரில் போன் அடித்தது. ஷாஜியா எடுத்தாள்.

"மோளே," என்றார் சசிதரன், வாய் நிறையப் பழத்தோடு. "அடுத்த தோட்டம் எப்போழாணு?"