எண்ணெய் வாத்தியாரின் வகுப்பு

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழை கூரைகளின் விளிம்பில் துளித்துளியாய்த் தங்கி, கீழ்வானம் வெளுக்குந்தோறும் ஒவ்வொன்றாய் ஒளிபெற்று உதிர, நீராடி எழுந்தவள் கூந்தலை விரித்து உலர்த்துவதுபோல் நகரம் தன் அடுப்புப் புகையை மெல்ல விரித்துக்கொண்டிருந்த காலைப்பொழுது அது. ஆற்றின் வளைவை ஒட்டி நீண்ட தெருவில் ஒருபுறம் பட்டறைகளும் கிடங்குகளும் தோளோடு தோள் நெருங்கி நிற்க, மறுபுறம் வெண்சுண்ணம் தீட்டிய கிறித்தவக் கோவிலொன்று தன் ஒற்றைக் கோபுரத்தை உயர்த்தி நின்றது. கோவில் மணியும் அச்சகத்தின் ஊதலும் ஒன்றையொன்று முந்த முயல்பவைபோல் அடுத்தடுத்து ஒலித்தன. இரண்டையும் கேட்டு இரண்டுக்கும் விரைந்தவர்களே அத்தெருவில் மிகுதி. அச்சகத்தில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் அக்கோவிலின் பங்கு மக்கள். அச்சகத்தின் முதலாளியோ அக்கோவிலின் முன்வரிசைப் பலகையில் அமர்பவர்.

அவ்வச்சகத்தின் பொறிகளையெல்லாம் பழுது நீக்கிப் பேணிவந்தவர் ஒருவர் இருந்தார். ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்தபின் கோவிலின் பின்கட்டிலுள்ள சிறிய அறையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பதும் அவரே. எத்துணைத் தேய்த்துக் கழுவினும் விரல் இடுக்குகளில் நீங்காத கருமை கண்டு பிள்ளைகள் அவருக்கு ‘எண்ணெய் வாத்தியார்’ என்று பெயர் சூட்டினர். பெற்றோர் அதட்டியும் பெயர் நிலைத்தது. நாளடைவில் பங்குத் தந்தையே வாய்தவறி அவ்வாறு அழைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதும் உண்டு. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்த அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் மூத்த உடன்பிறந்தாள். அவளை மணந்தவரே அம்முதலாளி. தையற்கடை ஒன்றின் மாடியில், ஒரு கட்டிலும் ஒரு மேசையும் இட்டபின் திரும்பி நிற்கவும் இடம் போதாத அறையில் அவர் குடியிருந்தார். ஆயினும் ஞாயிற்று நண்பகல்தோறும் அக்கையின் வீட்டில் இலைக்குமுன் அமர்ந்து, மருமக்கள் தோளில் ஏறிக் குதிக்க உண்டெழும் அந்த ஒரு பொழுதே வாரம் முழுமைக்கும் அவருக்குப் போதுமாய் இருந்தது.

எந்தப் பொறியைத் திறக்கும்முன்னும் அவர் ஒரு கணம் கண்மூடி நிற்பார். பொறிக்காக அவர் வேண்டியதில்லை. அதன்முன் நின்று நாள் முழுதும் உழைக்கப்போகும் மாந்தருக்காகவே வேண்டினார். வழிபாடு என்பது கோவிலில் தொடங்கிக் கோவிலில் முடிவதென்று அவர் கருதியிருந்தாரானால், இக்கதையில் சொல்வதற்கு ஒன்றும் இராது.

பள்ளிகள் திறக்கும் பருவம் நெருங்கியிருந்தது. பாடநூல்கள் மலைபோல் குவிந்தன. தாளடுக்குகளை வெட்டும் பெரும்பொறியில், வாள் இறங்குமுன் தான் இறங்கிக் கையை விலக்கும் கம்பித்தடை ஒன்று உண்டு; அது வேலையைச் சற்றே தாழ்த்துவதும் உண்மை. முதலாளி அதனைக் கழற்றச் சொன்னார். வாத்தியார் மறுத்தார். முதலாளி வேறொருவரைக் கொண்டு கழற்றுவித்தார். வாத்தியார் மீண்டும் பொருத்தினார். அம்மழைக்காலை அவர் கிடங்கின் பின்புறம் வேறொரு பொறியின் வயிற்றுக்குள் தலையைவிட்டுக் கிடந்தபோது, அத்தடை மறுமுறையும் அகற்றப்பட்டது. அப்பொறியில் நின்றவள் நடுவயதைக் கடந்த ஒரு கைம்பெண். தாளடுக்கைத் தட்டி நேராக்கும் விரைவால் ‘சிட்டு’ எனப் பெயர் பெற்று, தலையில் நரை தோன்றியபின்னும் அப்பெயர் மாறாதவள். அவளுடைய அலறல் கேட்டு எல்லாரும் ஓடிவந்தபோது, வெட்டுண்ட தாள்களின் வெண்மை முழுதும் சிவந்திருந்தது. வலக்கை மணிக்கட்டோடு போயிற்று.

முதலாளி கொடியவர் அல்லர். மருத்துவமனை வாயிலில் உண்ணாது உறங்காது நின்றவர் அவரே. எனினும் அச்சம் ஒருவனை அவன் அறியாத திசைக்கெல்லாம் நடத்திச்செல்லும். அரசின் ஆய்வாளர்கள் வருவதற்கு முந்தின நாள், தைத்த நூல்களின் பசைமணம் நிறைந்த தம் அறையில் மைத்துனரை அழைத்து உட்காரவைத்தார்.

“தம்பி, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு விசாரிக்க வர்றாங்க. தடையை அவளே கழட்டி வச்சுட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க.”

“அவங்க கழட்டலையே அத்தான்.”

“எனக்குத் தெரியாதா? அச்சகத்த மூடிட்டா எத்தன வீட்டுல அடுப்பு எரியாதுன்னு யோசிச்சுப் பாரு. எனக்காகவா கேக்கறேன்? அவ வைத்தியம், அவ சாப்பாடு எல்லாம் நான் பாத்துக்கறேன். கடைசி வரைக்கும் பாத்துக்கறேன்.”

வாத்தியார் எழுந்து வெளியேறினார். அன்று மாலை அக்கை அவர் மாடியறைக்கு வந்தாள். கையில் மூடியிட்ட உணவுக்கலம் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, சுவரையே நோக்கிப் பேசினாள்.

“நான் உன்ன ஒண்ணும் கேக்கல. அம்மா போனப்புறம் உன்னத் தூக்கிச் சுமந்தவ நான். அத மட்டும் நெனச்சுக்கோ.”

“மறக்கலக்கா.”

“அப்புறம் என்ன?”

“அவங்க கை போயிருச்சுக்கா. தப்பும் அவங்களோடதுன்னு ஆக்கிட்டா, அந்த அம்மா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய நடக்கும்?”

அவள் எழுந்தாள். பின் கொண்டுவந்த கலத்தைத் திறவாமலே கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் காலடியோசை தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை அவர் வாயிலிலேயே நின்றார்.

அன்றிரவு அவர் உறங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. பொய்ச்சான்று கூறலாகாது என்னும் கட்டளையை எத்தனையோ ஞாயிறுகளில் அவர் பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறார். சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லி விளக்கியிருக்கிறார். பிள்ளைகளின் முன் அது எத்துணை எளிதாய் இருந்தது! இப்போதோ ஒருபுறம் தம்மை வளர்த்த கை. ஒருபுறம் எத்தனையோ குடும்பங்களின் சோறு. இவற்றுக்கு எதிரே மருத்துவமனைக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கும் ஒருத்தி. எது நன்மை என்று அவர் ஐயுற்றாரில்லை. அந்நன்மை தம் வீட்டுக் கதவையே தமக்கு அடைத்துவிடும் என்பதே அவர் நெஞ்சை அறுத்தது. மறுநாள் ஆய்வாளர்கள் வினவியபோது, கூட்டாமலும் குறைக்காமலும் கண்டதைக் கூறினார். கூறி முடித்ததும் நா வறண்டு தண்ணீர் கேட்டார். சூழ நின்றவருள் எவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அச்சகம் மூடப்பட்டது. சிட்டுவின்மேல் பழி விழாது நீங்கி, அவளுக்கு உரியது அவளைச் சேர்ந்தது. அதனோடு, வேலையிழந்தோரின் வெகுளி முழுதும் ஒருவர்மேல் மழையெனக் கொட்டிற்று. கடைத்தெருவில் அவர் வரக் கண்டால் பேச்சு நின்றுவிடும்; அவர் கடந்தபின் மீண்டும் எழும். தொலைவிலுள்ள தையற்பொறிப் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்குள்ளோர் அவரை அறியார். அறியாதார் நடுவே அமர்ந்திருப்பது அறிந்தோர் நடுவே நிற்பதினும் எளிதாய் இருந்தது. கோவிலில் அவர் அமர்ந்த நெடும்பலகையில் அவருக்கு இருமருங்கும் இடம் விட்டே மக்கள் அமர்ந்தனர். திருப்பலியின் நடுவே ஒருவர்க்கொருவர் அமைதி வாழ்த்தைப் பகிர்ந்துகொள்ளும் வேளையில், முன்னிருப்போர் திரும்பவில்லை. பின்னிருப்போர் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தனர். அக்கணம் அவருக்கு ஓர் ஊழியாய் நீண்டது. ஞாயிற்று நண்பகல்களில் அவர் தம் அறையில் தாமே ஆக்கியதைத் தாமே உண்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சன்னல் வழியே பிறர் வீட்டுப் பிள்ளைகளின் ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றினும் அவரை வாட்டியது அப்பின்கட்டு அறை. பெற்றோர் ஒவ்வொருவராய்த் தம் பிள்ளைகளை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டனர்; அவ்வறை நிரம்பி வழிந்து, பிள்ளைகள் படிகளிலும் அமர்ந்து பாடம் கேட்டனர். வாத்தியாரோ வழக்கம்போல் கதவைத் திறப்பார், பலகைகளைத் துடைப்பார், கரும்பலகையில் அன்றைய பாடத்தின் தலைப்பை எழுதுவார், பின்பு நாற்காலியில் அமர்ந்து, தாம் எழுதியதைத் தாமே படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பங்குத் தந்தையிடம் சாவியை நீட்டினார்.

“நீங்களே வச்சுக்கங்க சாமி. ஆளே இல்லாத அறையில யாருக்குப் பாடம் சொல்றது?”

தந்தை சாவியை வாங்கவில்லை. “மூடிடுன்னும் சொல்ல மாட்டேன், பிள்ளைங்கள இழுத்துட்டு வரவும் என்னால ஆகாது. வார நாள்ல காலையில வந்து பாரு, நானும் காலிப் பலகைங்களுக்குத்தான் பூசை வைக்கிறேன். மனசு இருந்தா தொறந்து வை. இல்லன்னா வீட்டுக்குப் போய்ப் படு.”

அவ்விடை அவருக்கு ஆறுதலாகவும் இல்லை, சினம் கொள்ளத்தக்கதாகவும் இல்லை. ஆயினும் அடுத்த ஞாயிறும் கதவைத் திறந்தார்.

வேனில் கழிந்து காற்று திசைமாறிய ஒரு ஞாயிற்றில், வாயிலில் நிழலொன்று விழக்கண்டு நிமிர்ந்தார். சால்வைக்குள் வலக்கையை மறைத்துக்கொண்டு சிட்டு நின்றாள். அவர் எழுந்தார். அவளே பேசினாள்.

“பக்கத்து அறையில மூச்சு விட எடமில்ல. இங்க தாராளமா இருக்குன்னு சொன்னாங்க.”

“ஆமா... எங்க வேணும்னாலும் உக்காரலாம்.”

அவள் பிள்ளைகளுக்கான தாழ்ந்த பலகையில் முழங்கால் உயர அமர்ந்தாள். “மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் வாத்தியாரே. உங்களக் கும்பிட வரல நான். என் தம்பிக்கும் அந்த அச்சகத்துலதான் வேல. அவன் வீட்டுல உலை கொதிக்காதப்ப, இந்த மனுசன் வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதான்னு உங்கள நானும்தான் திட்டினேன்.”

“திட்டுனது தப்பில்லம்மா.”

“தப்போ சரியோ, திட்டினேன். சரி, விசயத்துக்கு வரேன். பள்ளிக்கூடத்துல புத்தகம் எடுத்துக் குடுக்கற வேல ஒண்ணு இருக்கு. கையெழுத்துப் போடுன்னாங்க. இடது கையில பேனாவப் புடிச்சா அது நண்டு மாதிரி ஓடுது. ஒடனே மைப்பெட்டியத் தள்ளி, கட்டவிரல வைம்மான்னாங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ.” அவள் இடக்கையை விரித்துக் காட்டினாள். “எழுதச் சொல்லிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

வாத்தியார் கரும்பலகையில் தாம் எழுதியிருந்த தலைப்பை அழித்தார். சுண்ணக்கோலை வலக்கையில் எடுத்தவர், ஏதோ எண்ணி, அதனை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு அகரத்தை வரையத் தொடங்கினார். சுழி பெரிதாய்ப் புடைத்தது. கால் எங்கோ கோணிக்கொண்டு போயிற்று. பின்வாங்கி நின்று பார்த்தவருக்கே அது எவ்வெழுத்தென்று விளங்கவில்லை.

“இது அகரமா, இல்ல நசுங்கின வாளியா?” என்றாள் சிட்டு.

“எனக்கும் இன்னிக்குத்தான் மொத வகுப்பு” என்றார் அவர்.

அப்பொழுது முழுதும் இருவரும் எழுதினர், அழித்தனர், மீண்டும் எழுதினர். தேர்ந்த கையின் ஆணவம் நீங்கப்பெற்ற அவர், ஒரு கோட்டை நேராய் இழுப்பது எத்துணை அரிதென்று வியந்தார். அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு, உழுதுசெல்லும் எருதுபோல் தலை குனிந்து முயன்றாள். இறுதியில் அவள் பெயரின் முதலெழுத்து, நடுங்கியபடியேனும், பிறர் படிக்கும் வண்ணம் பலகையில் நின்றது.

மணி அடித்தது. அடுத்த அறையில் பிள்ளைகள் இறைவேண்டலைத் தொடங்கும் ஒலி சுவரைக் கடந்து வந்தது. வாத்தியாரும் பழக்கத்தால் எழுந்து நின்றார். சிட்டு மட்டும் எழவில்லை. சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“வாத்தியாரே, ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“சிலுவ அடையாளம்... இடது கையால போடலாமா? எங்கம்மா சின்ன வயசுல இடது கையத் தூக்கினாலே அடிப்பாங்க. அதனாலதான் கோவிலுக்கே வரல. எல்லாரும் கையத் தூக்கறப்ப நான் மட்டும் மரம் மாதிரி எப்படி நிக்கறது?”

அவர் சிரிக்கவில்லை. இத்தனை திங்களாய் அவள் வாராதிருந்ததை வெறுப்பென்றே எண்ணியிருந்தார். அதனுள் இப்படியொரு சிறு பிள்ளையின் அச்சம் ஒளிந்திருந்ததை அவர் அறிந்தாரில்லை. நூல்களில் இதற்கு விதி உண்டோ இல்லையோ, அதை அவர் தேடவும் இல்லை. வலக்கையை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு, இடக்கையை உயர்த்தித் தம் நெற்றியைத் தொட்டார். அவள் பார்த்தாள், மெல்ல எழுந்தாள், தானும் தொட்டாள். இருவர் கைகளும் நெஞ்சுக்கு இறங்கின. அங்கிருந்து தோளுக்குச் செல்லும் வழியில் அவர் கை தடுமாறி மறுபக்கம் போய்விட்டது.

“தோளு மாறிப்போச்சு வாத்தியாரே.”

“மாறிப்போச்சா?” என்றவர் தம்மை மறந்து நகைத்தார், நகைத்தபோதே கண்கள் நிறைந்தன. “மறுபடி மொதல்லேருந்து வருவோம்.”

நெற்றியில் தொடங்கினர். இம்முறை பிழையின்றி முடிந்தது.

கற்றறிந்தோரே, இதன்பின் எல்லாம் செவ்வையாய் மாறிற்றென்று கூறி உங்களை மகிழ்விக்க என் நா எழவில்லை. அச்சகம் மீண்டும் திறந்தது; கம்பித்தடை இருந்த இடத்தில் இருந்தது; அதனைப் பேணியவரை எவரும் திரும்ப அழைக்கவில்லை. அக்கை தெருவில் எதிர்ப்பட்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்தாள். அவரும் அவளுக்கு வழிவிட்டு, அவள் போன பின்னரே தம் வழியில் போனார். பிள்ளைகள் அவ்வாண்டு முழுதும் வரவில்லை. ஞாயிறுதோறும் அவ்வறையில் ஒருத்தி எழுதினாள், ஒருவர் எழுதினார். மற்றப் பலகைகள் வெயிலைச் சுமந்துகொண்டு கிடந்தன. மெய்யின் பக்கம் நின்றவர்க்கு உலகம் பெருங்கூட்டத்தை அளிப்பது அரிது. பல வேளைகளில் அது அளிப்பது ஒரு தனிமையையே. அத்தனிமையின் கதவைத் தாழிடாது வைத்திருத்தல் கடினம்; ஆயினும் அதனினும் தூய்மையான வழிபாடு வேறொன்று இல்லை.

அவ்வழிபாட்டை அவர் முடித்துத் தெருவில் இறங்கும்போது, எதிர்வரும் எவரும் அவரை வணங்கவில்லை. அவரும் அதனை எதிர்பாராமல் நடக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.