பதினொரு பலகைகளின் முதுகு

அன்று காலை எட்டு மணிக்குக் கால்வாய்க்கரை விடுதியின் வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். கடற்கரையில் வாடகை சைக்கிள் கடை நடத்தும் கடைக்காரம்மா. அவருடைய கொழுந்தன், அதாவது காலமான கணவரின் தம்பி. கொழுந்தனின் மனைவி. நகராட்சியின் சுற்றுலா அதிகாரி. இடது கையில் மாவுக்கட்டோடு ஓர் ஓவிய வாத்தியார். கடைக்காரம்மாவிடம் இருபது வருடமாகப் பழுது பார்க்கும் ஒருவர். அவருக்கு ஊர் வைத்த பெயர் வால்டியூப். தேய்ந்த வால்டியூப்பில் காற்று நிற்காததுபோல அவரிடம் எந்தப் பேச்சும் நிற்காது. வேறு யாரும் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் கதை கேட்டவர்கள்.

நடந்தது இதுதான். கடலோரமாக வடக்கே போய், கலங்கரை விளக்கத்தைச் சுற்றி, கால்வாய்க் கரை வழியாக ஊருக்குத் திரும்பும் இருபத்து நான்கு கிலோமீட்டர் சைக்கிள் பாதை ஒன்று உண்டு. வழியில் ஒரு மோட்டார் வண்டி எதிர்ப்படாது. தண்டவாளம் எடுத்துவிட்ட ரயில் மேடு, மணல்மேட்டுச் சந்து, மீனவர் நடைபாதை என்று துண்டு துண்டாகக் கிடந்ததை ஒட்டுப்போட்டு ஒரே பாதையாக்கியவர் கடைக்காரம்மாவின் கணவர். பதினொரு இடங்களில் பச்சைப் பலகையில் வெள்ளை அம்புக்குறி எழுதி நட்டார். பாதை தொடங்கும் இடத்தில் நகராட்சி அவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் இந்த வாத்தியார் விடுதியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதையில் போனார். கால்வாய்ப் பாலத்தருகே வழி பிரிகிறது. கீழ்வழி பாலத்துக்கு அடியில் நுழைந்து பாதையோடு சேரும். மேல்வழி நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடும். அவர் மேலே ஏறினார். லாரி ஒன்று உரசிப் போனதில் கை முறிந்தது. பலகை தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்.

அந்த மேல்வழி ஏறி முடியும் இடத்தில்தான் கொழுந்தனின் வாடகை ஸ்கூட்டர் கடை இருந்தது. மோட்டார் வண்டியையும் சேர்த்து வாடகைக்கு விடலாம் என்று அவர் சொன்னதும், அண்ணன் முடியாது என்றதும், தனியாகப் போனதும் நான்கு வருடத்துக்கு முந்திய கதை. அதே வருடம் அண்ணன் காரியத்துக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனார். அதன் பிறகு அண்ணியும் கொழுந்தனும் பேசிக்கொண்டதில்லை. ஊர் கணக்குப் போட்டுவிட்டது: வழிதவறி வருகிறவர்கள் தன் கடை வாசலில் வந்து விழட்டும் என்று பலகையைத் திருப்பி வைத்தவர் கொழுந்தன்தான். கடைக்காரம்மா ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளூர நம்பத்தான் செய்தார்.

நேரில் பார்த்து எழுத வந்திருந்தார் அதிகாரி. நிரூபணமானால் ஸ்கூட்டர் கடையின் உரிமம் ரத்து, போலீசில் புகார். இல்லையென்றால் பாதையைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையதோ அவர்கள் பதில் சொல்ல வேண்டும். வாத்தியார் போன திசையிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றார்.

கொழுந்தனின் மனைவி சைக்கிள் ஏறமாட்டார். புறப்படும்போது கடைக்காரம்மாவிடம் வந்து, ரகசியம்போல இல்லாமல், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"அக்கா, இவர் மூணு வாரமா சரியாச் சாப்பிடல. நீங்களா செஞ்சீங்கன்னு நானே கேட்டுட்டேன். வாயத் திறக்கல. நீங்க கேட்டாவது சொல்வாரோ என்னவோ."

"பேசாதவங்க கேட்டா எப்படிச் சொல்வாரு" என்று கடைக்காரம்மா பெடலில் கால் வைத்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது முழங்கால் மடங்கும்போதெல்லாம் மணல் அரைப்பதுபோல நறநறத்தது. இரவெல்லாம் கால் குடைந்து தூக்கமில்லை. இந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து அலுப்பு எலும்புக்குள் இறங்கிவிட்டிருந்தது. கடை திறப்பது, பிரேக் கட்டையை அழுத்திப் பார்ப்பது, வருகிறவர்களுக்குச் சிரிப்பது எல்லாமே யாரோ இன்னொருத்தியின் வேலையைச் செய்வதுபோல இருந்தது.

வாத்தியாரை இரட்டைச் சைக்கிளின் பின் இருக்கையில் உட்காரவைத்து வால்டியூப் முன்னால் மிதித்தார். "சார், சும்மா உட்கார்ந்திருக்கீங்களே, இருக்கிற ரெண்டு காலையாவது ஆட்டுங்க" என்று முதல் வளைவிலேயே முறையிட்டார். அதிகாரி நடுவில் வந்தார். கொழுந்தன் எல்லோருக்கும் பின்னால், நான்கு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு வந்தார்.

ஒன்பது மணிக்கு வடகாற்று கிளம்பியது. நேராக முகத்தில் அடித்தது. கடைக்காரம்மா அந்தக் காற்றை அறியாதவர் இல்லை. ஆனால் இருபத்தேழு வருடமாக அது அவர் முதுகைத் தள்ளிய காற்று. விடிந்ததும் கடலோரமாகப் போய்விட வேண்டும், காற்று எழும்போது கால்வாய்க் கரையில் திரும்ப வேண்டும். கணவர் வகுத்த முறை அது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் கணவர், கடைக்காரம்மா, கொழுந்தன் மூவரும் பாதையை ஒருமுறை சுற்றிச் சரிபார்ப்பார்கள். அப்போதும் அதே திசைதான். கடைக்கு வருகிறவர்களிடம் கடைக்காரம்மா வாசலில் நின்று, கடல் வலது கைப்பக்கம் இருக்கணும், அவ்வளவுதான் என்று கையை நீட்டிக் காட்டுவார். எதிர்த்திசையில் ஒருவர் போவார் என்று யாரும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. போன வருடம்தான் கால்வாய் முனையில் இந்த விடுதி வந்தது, சொந்தமாகச் சைக்கிள்களும் வாங்கி வைத்தது.

முதல் பலகை வந்தபோது அவர் கவனிக்கவில்லை. இரண்டாவதைக் கடந்த பிறகு ஏதோ ஒன்று உறுத்தியது. மூன்றாவதன் அருகே வேகத்தைக் குறைத்தார். பச்சை வண்ணம் பூசாத தகரம், சாம்பல் நிறத்தில், இரண்டு போல்ட் முனையோடு நின்றது. எழுத்து இல்லை, அம்பு இல்லை. நான்காவதும் அப்படியே. அவற்றை அவர் வருடந்தோறும் பார்த்தவர், மழைக்காலம் முடிந்ததும் கழுவித் துடைத்தவர். பின்பக்கத்தைப் பார்த்ததாக நினைவில்லை.

இதையும் ஒருவர் இரவோடு இரவாகத் திருப்பியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தார். இத்தனை பலகைகளையும் திருப்ப ஒருவனுக்கு அப்படி என்ன வேண்டுதல். ஐந்தாவதன் அருகே நின்று மூச்சு வாங்கினார். அதிகாரி தண்ணீர் நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பின்னால் காலூன்றி நின்ற கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார். அவர் பலகையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழி தோண்டியவர் அவர். அண்ணன் பலகையைப் பிடிக்க, இருபது வயதில் கடப்பாரை போட்டவர். எல்லாப் பலகையும் ஒரே பக்கம் பார்க்கின்றன என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா. தெரிந்தும் மூன்று வாரமாக வாயை மூடியிருக்கிறார். சொன்னால் தன் மேல் உள்ள பழி போய்விடும். போய் அண்ணன் மேல் விழும்.

பாலம் வரை மிச்சம் இருந்த ஒரு கிலோமீட்டரைக் கடைக்காரம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். முழங்கால் வலி என்றார். வலியும் இருந்தது.

பாலத்தடியில் வாத்தியார் இறங்கி, தான் நின்ற இடம், ஏறிய வழி, பலகை நின்ற நிலை எல்லாவற்றையும் ஓவியக்காரருக்கே உரிய ஒழுங்கோடு காட்டினார். அதிகாரி பலகையைச் சுற்றி வந்தார். எதிர்ப்பக்கத்து அம்பு கீழ்வழியைச் சரியாகக் காட்டியது. அவருக்கு அது விளங்கவில்லை. திருப்பி வைத்ததில் அம்பு தற்செயலாக அப்படி அமைந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்து, காகிதத்தைச் சைக்கிள் இருக்கையில் வைத்துக் கொழுந்தனிடம் கேட்டார்.

"நீங்க ஏதாவது சொல்ல விரும்பினா இப்பச் சொல்லிடுங்க."

"சொல்ல ஒண்ணும் இல்ல சார்."

"அப்படின்னா நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க."

வால்டியூப் கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவரோ பலகையின் முதுகில் இருந்த நட்டுகளின் மேல் விரலை வைத்திருந்தார். நட்டு, போல்ட், கம்பம் மூன்றின் மேலும் சேர்த்துப் பச்சை வண்ணம் தடிமனாக அப்பியிருந்தது. யாரும் ஸ்பானர் போட்டுக் கழற்றிவிடக் கூடாது என்று கணவர் அப்படித்தான் பூசுவார். இருபத்தேழு வருட வண்ணம். ஒரு கீறல் இல்லை.

அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. கடைக்காரம்மா விரலை எடுத்துவிட்டு நகர்ந்திருந்தால் கல்லில் வெட்டிய பெயர் கல்லிலேயே இருந்திருக்கும். அந்த நினைப்பு வராமல் இல்லை. கொஞ்ச நேரம் நின்றது. அதைத் துரத்தக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. அதுவாகப் போகும்வரை காத்திருந்தார்.

"சார், எழுதாதீங்க" என்றார். "இந்த நட்டப் பாருங்க. பெயிண்ட் உடையாம இதைத் திருப்ப முடியாது. இது யாரும் திருப்பின பலகை இல்ல."

அதிகாரி குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

"அப்போ எப்படிம்மா?"

"நாங்க நட்டதே இப்படித்தான். பதினொண்ணும் ஒரு பக்கந்தான் பாக்குது. எதிர வர்றவங்களுக்கு எழுதவே இல்ல."

"அண்ணி, வேணாம்" என்றார் கொழுந்தன். நான்கு வருடத்தில் அண்ணியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ சும்மா இரு. மூணு வாரம் சும்மா இருந்தவன்தானே, இன்னும் அஞ்சு நிமிஷம் இரு." பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார். "தப்பு எங்க வீட்டுத் தப்பு சார். நாங்க ஒரு பக்கமாவே போய்ப் பழகிட்டோம். மறுபக்கம் ஒண்ணு இருக்குன்னே தோணல."

வாத்தியார் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடைக்காரம்மாவுக்குப் பிடித்திருக்காது.

அதிகாரி புதிய காகிதம் எடுத்து, கடைக்காரம்மா சொல்லச் சொல்ல எழுதினார். கணவர் பெயரும் அதில் வந்தது. கடைக்காரம்மா கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மிதிக்க முடியவில்லை. கொழுந்தன் மேல்வழியாக அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற, அவர் பின்னால் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மேலே ஸ்கூட்டர் கடை வாசலில் கொழுந்தனின் மனைவி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கொழுந்தன் சொன்னதற்கு மட்டும், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார்.

அந்த மாதக் கடைசியில் நகராட்சி பாதையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பெயர்க்கல்லை அகற்றினார்கள். கடைக்காரம்மா போய்ப் பார்க்கவில்லை.

கொழுந்தனைக் காப்பாற்றக் குடும்ப மானத்துக்காக அண்ணி இல்லாத பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். அது தவறு. பழி இருந்தது, அது அந்த வீட்டினுடையதுதான்.