நிலா என்ற ஃபோல்டர்

மணப்பெண்ணின் கண் பாதி மூடியபடியே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் விரல்கள் தாலி முடிச்சில் இருந்தன, யாரோ எறிந்த அட்சதை அந்தரத்தில் தொங்கியது. தேவானை கீபோர்டை இன்னொரு முறை தட்டினாள். படம் நான்கு நொடி ஓடி மறுபடி உறைந்தது.

மணி பத்தரை. மாலை தி. நகர் மண்டபத்தில் ரிசப்ஷன். மேடைத் திரையில் ஓட வேண்டிய எட்டு நிமிடப் படம் மூன்று மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். பாதிகூட முடியவில்லை. கல்யாண வீடியோ எடிட்டிங்கை அவள் மேற்கு மாம்பலம் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து செய்கிறாள். எடுத்த காட்சிகள் எல்லாம் ஹாலில் டி.வி.க்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியில் இருந்தன. வீட்டுக்கே பொதுவான சேமிப்பு அது. அவளுடைய கல்யாணங்கள், கணவன் செழியனின் ஆபீஸ் கோப்புகள், மகள் நிலா பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள், அத்தனையும் அந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில்தான். இன்றைய காட்சிகளை மட்டும் தன் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், பதினோரு மணி நேரம் ஆகும் என்று காட்டியது.

மூன்று நாளாகவே இப்படித்தான். ரூட்டரை அணைத்துப் போட்டாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். ஒயரைக் கழற்றி வேறு ஒயர் மாட்டினாள். இன்டர்நெட் வேகத்தைச் சோதித்தால் அது பிரமாதமாக இருந்தது, அதுதான் எரிச்சலாக இருந்தது. பின்னறைக்கும் ஹாலுக்கும் எத்தனை தடவை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நடுவில் இருக்கும் படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. செழியனுக்கு சனிக்கிழமையும் வேலை என்றால் வேலைதான். நாலு மாதமாக அவன் அந்த அறையிலும் அவள் பின்னறையிலுமாகப் படுத்துக்கொள்வதால், கதவைத் தட்ட ஒரு காரணம் தேவைப்பட்டது. வீடியோ ஓடவில்லை என்பது அதற்குப் போதுமா என்று யோசித்துவிட்டு, கேபிள்காரர் கபாலிக்கு போன் போட்டாள்.

கபாலி பதினொன்றேகாலுக்கு வந்தார். ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தார்.

"லைன் சுத்தமா கீது மேடம். ஒயரும் நல்லா கீது. உங்க ஊட்லயே யாரோ இழுத்துக்கினு கீறாங்க."

"நான் மட்டும்தானே வேலை பண்றேன்."

"இல்ல, ரெண்டு பேரு. இத பாருங்க." திரையை அவள் பக்கம் திருப்பினார். பெட்டியோடு இணைந்திருப்பவர்களின் பட்டியலில் அவள் பெயருக்குக் கீழே செழியன் என்று இருந்தது. "நிலான்னு ஒரு ஃபோல்டரு. அதுலேர்ந்து போட்டோ ஒண்ணொண்ணா போய்க்கினு கீது. ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன ஃபைலு. டிஸ்க்கு அங்கயும் இங்கயும் ஓடிக்கினே இருந்தா உங்க வீடியோக்கு எப்டி வரும்? நிறுத்திடட்டுமா?"

திரையில் ஓடிய ஃபைல் பெயர்களில் 2019 என்ற வருஷம் அவள் கண்ணெதிரே 2020 ஆனது. மூன்று நாளாக அவன் அவளுக்குத் தெரியாமல் நிலாவின் படங்களை வருஷ வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டிலேயே இருக்கும் படங்களை வீட்டில் இருக்கப்போகிறவன் எதற்காகப் பிரதி எடுக்க வேண்டும்?

"வேணாம்," என்றாள். "நான் பாத்துக்கறேன்."

கபாலி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒயரைச் சுருட்டினார். தேனாம்பேட்டையில் இன்னொரு கம்ப்ளெயின்ட் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

தேவானை கதவைத் தட்டாமலே திறந்தாள். கட்டிலில் லேப்டாப், பக்கத்தில் பிரிக்கப்பட்ட அட்டைப்பெட்டி, புது ஹார்ட் டிஸ்க் ஒன்று. செழியன் லேப்டாப்பை மூடப் போனான், பிறகு விட்டுவிட்டான்.

"எதையும் அழிக்கல," என்றான். "காப்பி மட்டும்தான்."

"எப்போ போற?"

"ஒண்ணாம் தேதி. பல்லாவரத்துல வீடு பாத்திருக்கேன்."

"நிலாகிட்ட யார் சொல்றது?"

அவன் பிரித்த அட்டைப்பெட்டியை எடுத்து மூடினான். ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில் போகும் சத்தம் கேட்டு அடங்கியது. கத்த வேண்டும் என்று தோன்றியது அவளுக்கு. ஆனால் மனசுக்குள் மண்டபமும் மூன்று மணியும் ஓடிக்கொண்டிருந்தன. கத்துவதற்குக்கூட இன்றைக்கு நேரம் இல்லை என்பது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

"மூணு மணி வரைக்கும் நிறுத்தி வை செழியா. நான் இந்தக் கல்யாணத்தை முடிக்கணும்."

"சரி."

"அதுவும் வைஃபைல இழுத்தா ஒண்ணாம் தேதி வரைக்கும் ஓடும். டிஸ்க்கை அந்தப் பெட்டியிலயே நேரா மாட்டணும். அப்புறமா நானே மாட்டித் தர்றேன்."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவன் தலை குனிந்தபடி பொத்தானை அழுத்தினான்.

பின்னறையில் படம் தடங்கலில்லாமல் ஓடியது. அட்சதை விழுந்தது, மணப்பெண் கண்ணைத் திறந்து சிரித்தாள். இரண்டே முக்காலுக்கு ஃபைலை அனுப்பிவிட்டு, மண்டபத்துக்காரர் வந்துவிட்டது என்று சொல்லும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு ஹாலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, அவனுடைய டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டினாள். செழியன் லேப்டாப்போடு சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. அதில், நாலரைக்கு டான்ஸ் கிளாஸிலிருந்து வந்த நிலா, சலங்கைப் பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

"எல்லாம் என் போட்டோவா? எதுக்குப்பா?"

செழியன் தேவானையைப் பார்த்தான். தேவானை திரையைப் பார்த்தாள். சிறு சிறு கட்டங்களாகப் படங்கள் மேலேறிக்கொண்டிருந்தன.

"அதை மட்டும் எடுக்காதீங்க," என்று நிலா விரலை வைத்தாள். "அதுல நான் அழறேன்."

செழியன் அந்தப் படத்தைத் திறந்தான். பெசன்ட் நகர் மணலில் இரண்டு வயது நிலா, வாய் திறந்த அழுகை, கேமராவைப் பிடித்திருப்பவரிடம் தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியபடி. அன்று கேமராவைப் பிடித்திருந்தது யார் என்று அவனுக்கும் நினைவில்லை, தேவானைக்கும் நினைவில்லை. அவன் விரல் பொத்தானின் மேல் அசையாமல் இருந்தது. படம் திரை முழுக்க நின்றது, நீட்டிய கைகளோடு.